டிவி பணமும் அமெரிக்கக் கல்லூரி கான்ஃபரன்ஸ் தாவல்களும்: எப்படி நடந்தது, அடுத்து எப்போது?

#1 முதல்பாதி

ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் இருப்பது பசிபிக் கரையில். அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுவதோ அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் (ஏ.சி.சி.). கான்ஃபரன்ஸ் என்றால் தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கல்லூரிகளின் குழு. லாஸ் ஏஞ்சலஸின் யு.சி.எல்.ஏ.வும் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸும் இப்போது ஒரே கான்ஃபரன்ஸ். நடுவில் சுமார் 4,000 கி.மீ. பிக் டென் என்ற அந்தக் கான்ஃபரன்ஸில் 18 கல்லூரிகள், பிக் 12 என்ற இன்னொன்றில் 16.

கேட்டால் எல்லோரும் "டிவி பணம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அந்தப் பணம் எந்த வழியாக வருகிறது, எந்த இடத்தில் ஒரு கல்லூரியைப் பிடித்துத் தள்ளுகிறது? விவரம் தெரிந்தவர்கள் படிப்படியாக எழுதுங்கள். தொகையெல்லாம் கோடி டாலரிலேயே போடுவோம். மில்லியன், பில்லியன் என்று போனால் பாதிப் பேர் சுழியத்தை எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

#2 சட்டப்புள்ளி

1984 ஜூன் 27-லிருந்து தொடங்க வேண்டும். அதற்கு முன் கல்லூரி ஃபுட்பால் ஒளிபரப்பு முழுக்க என்.சி.ஏ.ஏ. (கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசிய அமைப்பு) கையில். எந்த அணி எத்தனை முறை டிவியில் வரலாம் என்பதை அவர்கள்தான் நிர்ணயித்தார்கள்: கடைசித் திட்டப்படி இரண்டு ஆண்டுகளில் அதிகபட்சம் ஆறு முறை, அதிலும் தேசிய ஒளிபரப்பு நான்குதான். மைதானத்துக்கு வரும் கூட்டம் குறைந்துவிடும் என்பது சொன்ன காரணம்.

ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டன. விசாரணையில் வெளிவந்த ஒரு விவரமே போதும். 1981-ல் ஒரே வார இறுதியில் ஓக்லஹோமா–யு.எஸ்.சி. ஆட்டம் இருநூறுக்கும் மேற்பட்ட நிலையங்களில் ஓடியது. சிட்டடெல்–அப்பலாச்சியன் ஸ்டேட் ஆட்டம் நான்கே நிலையங்களில். நான்கு அணிகளுக்கும் கிடைத்த தொகை ஒன்றே.

உச்ச நீதிமன்றம் 7–2 என்ற கணக்கில் ஏகபோகத்தைத் தடுக்கும் ஷெர்மன் சட்டத்துக்கு எதிரானது என்று திட்டத்தை உடைத்தது. பெரும்பான்மைத் தீர்ப்பு நீதிபதி ஸ்டீவன்ஸ் எழுதியது. மறுப்பு எழுதியவர் பைரன் வைட். கொலராடோவில் கல்லூரி ஃபுட்பால் நட்சத்திரமாக இருந்தவர் அவர். வெறும் வணிகக் கண்ணோடு இதைப் பார்க்கக் கூடாது என்பது அவர் வாதம். அடுத்த நாற்பது ஆண்டுகளில் நடந்ததைப் பார்த்தால், சட்டத்தில் பெரும்பான்மை சரி, கணிப்பில் வைட் சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அன்றிலிருந்து உரிமை கல்லூரிக்கு. கல்லூரி அதைக் கான்ஃபரன்ஸிடம் கொடுத்து மொத்தமாக விற்கிறது. அதாவது கான்ஃபரன்ஸ் என்பது ஒரு விற்பனைக் கூட்டணி. நல்ல விலை சொல்லும் கூட்டணி பக்கத்தில் இருந்தால் ஏன் இங்கேயே இருக்க வேண்டும்? எல்லாத் தாவலுக்கும் வேர் இதுதான்.

#3 கேபிள்குமார்

சட்டப்புள்ளி சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கணும். தீர்ப்பு வந்த உடனே பணம் கொட்டவில்லை, விலை சரிந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்தால் சரக்கு மலிவாகத்தானே போகும். அதனால் பெரிய கல்லூரிகள் பல, சி.எஃப்.ஏ. என்ற கூட்டமைப்பு வழியாகச் சேர்ந்தே விற்றன. பிக் டென்னும், மேற்குக் கரையின் பேக் 10-உம் (பின்னாளில் பேக் 12) மட்டும் தனி.

அந்தக் கூட்டமைப்பை முதலில் உடைத்தது நோட்ரே டேம். 1990-ல் என்.பி.சி. சேனலோடு தனியாகக் கையெழுத்து, 1991-லிருந்து சொந்த மைதான ஆட்டங்கள் அங்கே. அடுத்து தென்கிழக்கு மாநிலங்களின் எஸ்.இ.சி. கான்ஃபரன்ஸ் பிரிந்து 1996-லிருந்து சி.பி.எஸ். சேனலுக்குப் போனது. சி.எஃப்.ஏ. கடையைச் சாத்திவிட்டது.

இன்னொரு கண்டுபிடிப்பும் எஸ்.இ.சி.யுடையதுதான். 12 அணிகள் இருந்து இரண்டு பிரிவாகப் பிரித்தால் கூடுதலாக ஒரு சாம்பியன்ஷிப் ஆட்டம் வைத்துக்கொள்ளலாம் என்று என்.சி.ஏ.ஏ. விதிப்புத்தகத்தில் ஒரு மூலையில் இருந்தது. இரண்டாம் டிவிஷன் சின்னக் கல்லூரிகளின் தேவைக்காக வந்த விதி. எஸ்.இ.சி.யின் கமிஷனர், அதாவது தலைமை நிர்வாகி, ராய் கிரேமர் அதைப் பிடித்துக்கொண்டார். ஆர்கன்சாவையும் சவுத் கரோலினாவையும் சேர்த்து எண்ணிக்கையை 12 ஆக்கினார்கள். 1992 டிசம்பரில் பர்மிங்ஹாமில் முதல் ஆட்டம், அலபாமா 28, ஃப்ளோரிடா 21. சீசன் முடியும் வாரத்தில் டிவிக்கு விற்க ஒரு பெரிய ஆட்டம் புதிதாகக் கிடைத்தது. 12 என்ற எண்ணின் மேல் எல்லோருக்கும் மோகம் வந்தது அதற்குப் பிறகுதான்.

ஆர்கன்சா போனதில் அடிபட்டது சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ். மிச்சம் எட்டு கல்லூரி, எட்டும் டெக்சஸ். ஒரே மாநிலத்துப் பார்வையாளர்களை எட்டாகப் பிரித்து எந்தச் சேனலிடம் விற்பது? 1996-ல் டெக்சஸ், டெக்சஸ் ஏ அண்ட் எம், டெக்சஸ் டெக், பெய்லர் நான்கும் பிக் எய்ட் என்ற கான்ஃபரன்ஸோடு சேர்ந்து பிக் 12 ஆனது. ரைஸ், எஸ்.எம்.யூ., டி.சி.யூ., ஹூஸ்டன் தெருவில் நின்றன.

#4 முதல்பாதி

இதுவரை நல்ல ஆட்டம், நல்ல விலை என்ற கணக்கு புரிகிறது. ரட்கர்ஸ் எப்படி பிக் டென் உள்ளே வந்தது? ஃபுட்பாலில் பெரிய பெயர் இல்லையே.

#5 கேபிள்குமார்

ரட்கர்ஸை எடுத்தது ஆட்டத்துக்காக இல்லை, வீட்டுக்காக.

2007 ஆகஸ்ட் 30-ல் பிக் டென் நெட்வொர்க் தொடங்கியது. கமிஷனர் ஜிம் டெலானி, கூட்டாளி ஃபாக்ஸ். கேபிள் கம்பெனி ஒவ்வொரு சந்தாதாரருக்கும் மாதாமாதம் சேனலுக்கு ஒரு தொகை கொடுக்கும். அவர் பார்க்கிறாரா இல்லையா என்பது கணக்கில் வராது. விலையில் இரண்டு அடுக்கு. கான்ஃபரன்ஸ் உறுப்பினர் இருக்கும் மாநிலத்தில் ஒரு டாலரை ஒட்டிய விலை கேட்டார்கள், மற்ற மாநிலங்களில் பத்து சென்ட் மாதிரி.

கணக்கை நீங்களே போடுங்கள். ஒரு மாநிலத்தில் 30 லட்சம் கேபிள் வீடு என்று வைத்துக்கொள்வோம்.
வெளி விலை: 30 லட்சம் × 0.10 × 12 = 36 லட்சம் டாலர்.
உள் விலை: 30 லட்சம் × 1.00 × 12 = 3.6 கோடி டாலர்.
அந்த மாநிலத்துக் கல்லூரி ஒன்றைச் சேர்த்தால் போதும், கீழ் வரி மேல் வரியின் பத்து மடங்கு. சேர்ந்த அணி ஒரு ஆட்டம்கூட ஜெயிக்க வேண்டாம்.

2012-ல் அழைப்பு, 2014-ல் ரட்கர்ஸும் மேரிலாந்தும் உள்ளே. வரைபடத்தில் நியூயார்க், வாஷிங்டன், பால்டிமோர் சந்தைகளைப் பாருங்கள், விடை கிடைக்கும். அதே 2012-ல் எஸ்.இ.சி. டெக்சஸ் ஏ அண்ட் எம்மையும் மிசௌரியையும் எடுத்துக்கொண்டு, 2014-ல் எஸ்.இ.சி. நெட்வொர்க்கை விளையாட்டுச் சேனல் இ.எஸ்.பி.என். கையால் தொடங்கியது. டெக்சஸ் மாநிலம் முழுக்க உள் விலை.

முதல் ஆண்டு சுலபமாகப் போகவில்லை. அடிப்படை பேக்கேஜில் போட மாட்டோம் என்று கேபிள் கம்பெனி காம்காஸ்ட் 2008 வரை இழுத்தடித்தது. சேனல் தொடங்கிய மூன்றாம் நாள் அப்பலாச்சியன் ஸ்டேட் மிச்சிகனை மிச்சிகன் மண்ணிலேயே தோற்கடித்தது. ஆட்டம் ஓடியது இந்தப் புதுச் சேனலில். சொந்த மாநிலத்திலேயே ஏகப்பட்ட வீடுகளில் வரவில்லை. கேபிள் கம்பெனிக்குப் போன் போட்டுத் திட்டியவர்கள்தான் டெலானிக்குக் கிடைத்த இலவச விற்பனைப் படை.

#6 எதிர்க்கட்சி

எல்லாப் பழியையும் டிவி மேல் போடுவது வசதியாக இருக்கிறது. 2003-ல் ஏ.சி.சி. மயாமியோடு சிரக்யூஸையும் பாஸ்டன் காலேஜையும்தான் எடுக்க நினைத்தது. விர்ஜினியா மாநில ஆளுநரின் அழுத்தத்தில், விர்ஜினியா பல்கலைக்கழகத்தின் ஓட்டை வைத்து, விர்ஜினியா டெக் உள்ளே வந்தது. சிரக்யூஸ் அப்போது வெளியே நின்றது. இதில் டிவி எங்கே? சிரக்யூஸ் பக்கம்தான் நியூயார்க் சந்தை இருந்தது. ஆளுநர்கள், ஆட்சிக் குழுக்கள், பயிற்சியாளர் சம்பளப் போட்டி எல்லாம் சேர்ந்ததுதான் இது. சேனல் பணம் தந்தது சரி, கையெழுத்துப் போட்டது கல்லூரித் தலைவர்கள்.

#7 சட்டப்புள்ளி

எதிர்க்கட்சி சொல்வதில் பாதி சரி. யார் போவது என்பதை அரசியல் பல முறை மாற்றியிருக்கிறது. எப்போது போவது, எவ்வளவு பணத்துக்கு என்பது டிவி ஒப்பந்தம் முடிவு செய்தது. சேனல் வெறும் பார்வையாளர் என்று எல்லோரும் நம்பிவிடவும் இல்லை. 2021 ஜூலையில் டெக்சஸும் ஓக்லஹோமாவும் எஸ்.இ.சி. போகிறோம் என்று அறிவித்த அதே மாதத்தில், பிக் 12 கமிஷனர் பாப் பௌல்ஸ்பி இ.எஸ்.பி.என்.னுக்குச் சட்ட எச்சரிக்கைக் கடிதமே அனுப்பினார்: மிச்ச உறுப்பினர்களை வேறு கான்ஃபரன்ஸுக்குத் தள்ளி எங்களைக் கலைக்கப் பார்க்கிறீர்கள் என்று. இ.எஸ்.பி.என். மறுத்தது.

ஒரு கல்லூரியைக் கட்டி வைக்கும் கயிறு இரண்டு. இதைக் கலந்துவிட்டால் ஒரு செய்தியும் புரியாது.

முதலாவது வெளியேறும் கட்டணம். பணம் கொடுத்தால் போகலாம், பேரமும் நடக்கும். ஏ.சி.சி. மேரிலாந்திடம் கேட்டது 5 கோடிக்கு மேல். வழக்கு முடிந்து நின்றது 3.14 கோடியில்.

இரண்டாவது 'கிராண்ட் ஆஃப் ரைட்ஸ்'. சொந்த மைதான ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையை, இன்ன ஆண்டு வரை என்று கான்ஃபரன்ஸுக்கே எழுதிக் கொடுப்பது. கல்லூரி வெளியேறினாலும் அந்த ஆட்டங்களின் பணம் பழைய இடத்துக்கே போகும். வெளியூர் ஆட்ட உரிமை எதிரணியின் கான்ஃபரன்ஸுக்கு. ஆக, புதிய கான்ஃபரன்ஸுக்கு நீங்கள் கொண்டுபோக ஒன்றும் இல்லை, எதற்காகச் சேர்த்துக்கொள்வார்கள்?

தேதிகளை வரிசைப்படுத்துங்கள். மேரிலாந்து 2012 நவம்பரில் அறிவித்தது, ஏ.சி.சி. இந்தப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியது 2013 ஏப்ரலில். குதிரை போன பின் லாயத்தைப் பூட்டினார்கள், ஆனால் பூட்டு பலமானது: 2016-ல் அது 2036 வரை நீண்டது. டெக்சஸ், ஓக்லஹோமா பத்திரம் 2025 ஜூன் வரை. ஒரே ஓர் ஆண்டு முன்னால் கிளம்ப இருவரும் சேர்ந்து விட்டுக்கொடுத்தது 10 கோடி. யு.எஸ்.சி., யு.சி.எல்.ஏ. பேக் 12 பத்திரம் 2024 கோடையில் தானாக முடியும் வரை காத்திருந்து கிளம்பின. கட்டணம் பூஜ்யம்.

#8 பசிபிக்கரை

பேக் 12-ஐ யாரும் வெளியிலிருந்து கொல்லவில்லை, படிப்படியாகத் தானே செத்தது. பிரேதப் பரிசோதனை இதோ.

2011-ல் கமிஷனர் லாரி ஸ்காட் இ.எஸ்.பி.என்., ஃபாக்ஸ் இரண்டோடும் போட்டது 12 ஆண்டுக்கு 300 கோடி. அன்றைய தேதியில் நாட்டிலேயே பெரிய ஒப்பந்தம். கோளாறு அடுத்த முடிவில். 2012-ல் தொடங்கிய பேக் 12 நெட்வொர்க்ஸில் கூட்டாளி வேண்டாம், நூறு சதவீதமும் நமக்கே என்றார்கள். ஒரு தேசியச் சேனல், ஆறு வட்டாரச் சேனல்.

கூட்டாளி எதற்கு என்றால் மிரட்டுவதற்கு. எஸ்.இ.சி. நெட்வொர்க் வேண்டாம் என்று டிஷ் கம்பெனி சொன்னால், இ.எஸ்.பி.என். எதிரே உட்கார்ந்து மொத்த பேக்கேஜையும் மேசையில் வைத்துப் பேசும். பேக் 12-க்கு மறுப்பதற்கு வேறு சேனலே இல்லை. டைரக்ட் டிவி என்ற டிஷ் கம்பெனி கடைசி வரை எடுக்கவில்லை. சந்தா பெருகவில்லை; ஏழு சேனலின் செலவும் சான் ஃபிரான்சிஸ்கோ அலுவலக வாடகையும் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. போதாததற்கு, காம்காஸ்ட் பத்து ஆண்டுகளாகச் சந்தாக் கணக்கில் சுமார் 5 கோடி கூடுதலாகக் கொடுத்துவிட்டது என்பது 2023-ல் வெளியே வந்தது. அதையும் திருப்பித் தர வேண்டிய நிலை.

2022–23 நிதியாண்டில் ஒரு கல்லூரிக்குப் பங்கு, சுமாராக:
பிக் டென் 6 கோடி
எஸ்.இ.சி. 5.1 கோடி
ஏ.சி.சி. 4.5 கோடி
பேக் 12 3.4 கோடி

லாஸ் ஏஞ்சலஸ் சந்தையை வைத்திருந்த யு.எஸ்.சி. இந்தப் பட்டியலின் கடைசி வரியில் எத்தனை நாள் உட்காரும்? 2022 ஜூன் 30-ல் யு.எஸ்.சி., யு.சி.எல்.ஏ. இருவரும் பிக் டென் என்று அறிவித்தார்கள். ஆகஸ்டில் பிக் டென் ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி. மூவருக்கும் ஏழு ஆண்டுக்கு 700 கோடிக்கு மேல் விற்றது. கிழக்கு நேரப்படி நண்பகல் ஃபாக்ஸ், மூன்றரை மணி சி.பி.எஸ்., இரவு என்.பி.சி. என்று சனிக்கிழமை முழுக்க விற்றாயிற்று.

அடுத்த அடி வரிசையில் பின்னால் நின்றதால் விழுந்தது. பிக் 12 ஒப்பந்தம் பேக் 12-க்கு ஒரு வருடம் பிந்தித்தான் முடிய வேண்டும். புதுக் கமிஷனர் பிரெட் யார்மார்க் முந்திக்கொண்டு 2022 அக்டோபரில் ஆறு ஆண்டுக்கு 228 கோடி பேசி முடித்தார்; ஒரு கல்லூரிக்கு 3.17 கோடி. அதே சமயம் பேக் 12-க்கு இ.எஸ்.பி.என். 3 கோடி அளவில் பேசியது, இவர்கள் 5 கோடி கேட்டார்கள், பேச்சு அறுந்தது என்பது அப்போது பரவலாக வந்த செய்தி. பிக் 12-க்குப் பணம் கொடுத்த பிறகு இரண்டு சேனலுக்கும் மேற்குக் கரை அவசரம் போய்விட்டது.

2023 ஜூலை 27: கொலராடோ பிக் 12-க்கு. ஆகஸ்ட் 1: கமிஷனர் க்ளியாவ்காஃப் ஆப்பிள் சலுகையைக் காட்டினார். அடிப்படை 2 முதல் 2.5 கோடிக்குள், மேலே சந்தா எண்ணிக்கையைப் பொறுத்து. எத்தனை பேர் சந்தா கட்டுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆட்டம் முழுக்க கட்டணத் திரைக்குப் பின்னால். ஆகஸ்ட் 4 காலை கூட்டம் கூடியது. புதுப் பத்திரத்தில் கையெழுத்து விழவில்லை. ஆரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னில் சுமார் 3 கோடி, அதாவது பாதிப் பங்குக்கே சம்மதித்துப் போயின. பாதிப் பங்கே ஆப்பிள் சொன்ன அடிப்படைத் தொகையை விடப் பெரிது, அதுவும் நிச்சயமான பணம். அன்றே அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12.

#9 கேபிள்குமார்

பசிபிக்கரை விட்ட ஒரு ஷரத்து: பிக் 12-இன் இ.எஸ்.பி.என். ஒப்பந்தத்தில் 'ப்ரோ ரேட்டா' இருந்தது. பெரிய கான்ஃபரன்ஸிலிருந்து யார் வந்தாலும் அவர்களுக்கும் அதே பங்கைச் சேனல் கூடுதலாகத் தரும். பழைய உறுப்பினர் யாருக்கும் ஒரு டாலர் குறையாது. அதனால்தான் ஓட்டெடுப்பு சண்டையில்லாமல் முடிந்தது. அந்த ஷரத்து இல்லாத இடத்தில் புதியவர் தன் பங்கைத் தானே விட்டுக்கொடுக்க வேண்டும். எஸ்.எம்.யூ. ஏ.சி.சி.க்கு வந்தது ஒன்பது ஆண்டு டிவி பங்கே வேண்டாம் என்று சொல்லி. ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் முதல் ஏழு ஆண்டு 30 சதவீதத்துக்கு.

#10 கூடைக்காரன்

கூடைப்பந்தை வைத்து ஏன் யாரும் தாவவில்லை? மார்ச் மேட்னஸ் பணம் ஃபுட்பாலுக்குக் குறைந்ததா?

#11 சட்டப்புள்ளி

சின்னத் தொகை இல்லை, ஆனால் மார்ச் மேட்னஸ் என்ற அந்தத் தேசியப் போட்டித்தொடர் என்.சி.ஏ.ஏ. விற்கும் பொருள். 1984 தீர்ப்பு உடைத்தது ஃபுட்பால் திட்டத்தை மட்டும். போட்டித்தொடர் பணம் என்.சி.ஏ.ஏ. வழியாகப் பல பங்காகப் பிரிந்து வருகிறது, தாவினால் பெரிதாக ஏறாது. விதிவிலக்கு ஒன்று: 2013-ல் ஏழு கத்தோலிக்கக் கல்லூரிகள் ஃபுட்பால் கும்பலை விட்டுப் பிரிந்து, பிக் ஈஸ்ட் என்ற கான்ஃபரன்ஸ் பெயரையும் எடுத்துக்கொண்டு ஃபாக்ஸிடம் போயின. 12 ஆண்டுக்கு 50 கோடி. கூடைப்பந்துக்கு நல்ல விலை, ஃபுட்பால் பக்கத்தில் வைத்தால் சில்லறை.

#12 எதிர்க்கட்சி

வரவு மட்டும் எழுதுகிறீர்கள், செலவையும் எழுதுங்கள். ஃபுட்பால் அணிக்கு வெளியூர் ஆட்டம் ஒரு சீசனில் ஐந்தோ ஆறோ, தனி விமானம். சாஃப்ட்பால், வாலிபால், டென்னிஸ் அணிகளுக்கு வாரநாள் பயணம், மூன்று மணி நேர வித்தியாசம், மறுநாள் வகுப்பு. அவர்கள் யாரும் டிவி ஒப்பந்தத்தின் விலையை ஏற்றியவர்கள் இல்லை, விமானத்தில் அதிகம் உட்காருவது அவர்கள்தான். கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆட்சிக் குழு யு.சி.எல்.ஏ. ஆண்டுக்கு 1 கோடியைப் பெர்க்லிக்குக் கொடுக்க வேண்டும் என்று விதித்தது. ஒரே பல்கலைக்கழகக் குடும்பத்தில் கூட இருந்த அண்ணனை விட்டுப் போனதற்கு.

ரசிகனுக்கும் அடி. ஆட்ட நேரத்தைச் சேனல் பெரும்பாலும் 12 நாள் முன்னால்தான் சொல்லும், சில வாரம் ஆறு நாள். டிக்கெட் கையில், நண்பகலா இரவா என்று தெரியாமல் ஹோட்டல் போட வேண்டும்.

#13 கேபிள்குமார்

செலவு இருக்கிறது, யாரும் மறுக்கவில்லை. ஆனால் 2025–26-லிருந்து வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மேல் போட்ட ஹவுஸ் வழக்கின் உடன்பாட்டின்படி ஒரு கல்லூரி வீரர்களுக்கே நேரடியாக 2.05 கோடி வரை கொடுக்கலாம். பிக் டென் பங்கு வாங்குபவர் அதை டிவி பணத்திலிருந்து எடுப்பார். மற்றவர்? வருமான இடைவெளி அப்படியே வீரர் இடைவெளி ஆகும். அடுத்த தாவலுக்கு அழுத்தம் அங்கிருந்து வரும், கேபிள் வீட்டிலிருந்து இல்லை. இ.எஸ்.பி.என். 2011 வாக்கில் 10 கோடி வீட்டில் இருந்தது, இப்போது 7 கோடிக்கும் கீழே. வீடு எண்ணும் காலம் போச்சு. இனி எந்த இரண்டு பெயரைச் சேர்த்துப் போட்டால் நாடு முழுக்க பார்ப்பார்கள் என்பதுதான் விலை. ரட்கர்ஸ் இன்று வெளியே இருந்திருந்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

#14 முதல்பாதி

அப்படியானால் அடுத்த தாவல் எந்த ஆண்டு? எதைக் கவனிக்க வேண்டும்?

#15 சட்டப்புள்ளி

2030-ஐ ஒட்டி. பிக் டென் ஒப்பந்தம் 2029–30 சீசனோடு முடிகிறது, பிக் 12-உடையது 2030–31. எஸ்.இ.சி.–இ.எஸ்.பி.என். 2033–34 வரை, அதனால் அவர்கள் அவசரப்பட வேண்டாம். ஏ.சி.சி.யை ஃப்ளோரிடா ஸ்டேட்டும் க்ளெம்சனும் நீதிமன்றத்துக்கு இழுத்தன. 2025 மார்ச்சில் சமரசம். இரண்டு மாற்றம். ஒன்று, டிவி வருமானத்தில் 60 சதவீதம் ஐந்தாண்டு சராசரிப் பார்வையாளர் எண்ணிக்கைப்படி, 40 சதவீதம் சமமாக. இரண்டு, வெளியேறும் கட்டணம் 2026-ல் 16.5 கோடி, ஆண்டுக்கு 1.8 கோடி வீதம் இறங்கி 2030–31-ல் 7.5 கோடியில் நிற்கும். கட்டணம் தரை தொடும் ஆண்டும் பிக் டென் புது விலை பேசும் ஆண்டும் ஒட்டி வருவது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

செய்தி படிக்கும்போது பார்க்க வேண்டிய வரிசை: பத்திரம் எந்தத் தேதியில் முடிகிறது, முன்னறிவிப்பு எத்தனை மாதம், கட்டணம் ஏறுகிறதா இறங்குகிறதா, போகிற இடத்தில் ப்ரோ ரேட்டா உண்டா. "பாரம்பரிய உறவு", "கல்வித் தரம்" என்ற அறிக்கைகளைக் கடைசியில் படித்தால் போதும்.

#16 கூடைக்காரன்

பேக் 12-ல் மிச்சம் இருந்த இருவர் என்ன ஆனார்கள்?

#17 பசிபிக்கரை

ஆரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் வாஷிங்டன் மாநில நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, போகிறவர்களுக்கு ஓட்டு இல்லை என்று கான்ஃபரன்ஸ் நிர்வாகத்தையும் சொத்தையும் பிடித்தார்கள். அந்தப் பணத்தை வைத்து 2024-ல் மௌண்டன் வெஸ்ட் என்ற சின்னக் கான்ஃபரன்ஸிடம் கை வைத்தார்கள்: பாய்ஸி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், பிறகு யூட்டா ஸ்டேட். கூடைப்பந்துக்கு கொன்சாகா, கடைசியாக டெக்சஸ் ஸ்டேட். 2026 ஜூலையில் புது பேக் 12.

நடுவில் ஒரு சீசன் ஆட்டம் கிடைக்காமல் மௌண்டன் வெஸ்ட்டோடு ஒரு அட்டவணை ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். எங்கள் அணியை இழுத்தால் அபராதம் என்று அதில் ஒரு ஷரத்து, ஐந்து அணிக்கு 5.5 கோடி. கையெழுத்துப் போட்ட பேக் 12, அதே ஷரத்து போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்று வழக்குப் போட்டது.

#18 எதிர்க்கட்சி

ஒரே வருஷத்தில் பாடம் படித்துவிட்டார்கள்.